பேட்ஜைப் பார்க்காதே, பானெட்டைத் திற!



போன செமஸ்டரில் ஒரு நாள். ஒர்க்‌ஷாப் முடிந்து, குழாயடியில் கை கழுவிக்கொண்டு நின்றோம். நண்பன் ஒருவன் செல்போனில் ஒரு படம் காட்டினான். இங்கிலாந்தில் நடந்த பழைய கார் ஊர்வலம். கன்னங்கரேல் என்று ஒரு கார் வருகிறது. முன்பக்கம் முழுக்கக் குரோம் பளபளப்பு. கிரில் நடுவில் சின்னதாக ஒரு விளக்கு எரிகிறது. பம்பர் பக்கத்தில் ஒரு மணி. கோயில் மணி இல்லீங்க, போலீஸ் மணி! அதை அடித்துக்கொண்டே கார் போகிறது.

"என்னா கம்பீரம்டா! அந்தக் காலத்து பிரிட்டிஷ் சலூன் காருக்கு ஈடு உண்டா?" என்றான் அவன்.

"சலூன் காரா? உள்ளே முடி வெட்டுவாங்களா?" என்று கேட்டான் இன்னொருத்தன். எல்லோரும் சிரித்தோம்.

அதே வாரம் வேறொரு பேச்சும் காதில் விழுந்தது. நம் ஒர்க்‌ஷாப் மூலையில், வெட்டித் திறந்து வைத்திருக்கும் அம்பாசடர் என்ஜினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமாம். "மின்சார வண்டி வந்தாச்சு, இன்னும் எதுக்கு இந்தப் பழைய கட்டை?" என்று கேட்டவர்களில், செல்போன் படம் பார்த்து வாய் பிளந்த அதே நண்பனும் ஒருவன்!

அந்த அம்பாசடர் யாருடைய பிள்ளை? இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் பிள்ளை. படத்தில் பார்த்த காருக்குப் பங்காளி என்றே சொல்லலாம். படத்தில் இருந்தால் கம்பீரம், பக்கத்தில் இருந்தால் பழைய இரும்பு. இது என்னங்க நியாயம்?

பழைய காரைக் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுவதும் தப்பு, கண்ணை மூடிக்கொண்டு தூக்கி எறிவதும் தப்பு என்பது என் கட்சி. இதற்கு நான் சாட்சிக்கு அழைக்கப்போவது பிரிட்டிஷ் போலீஸ் ஓட்டிய சலூன் கார்களைத்தான். ஏன் போலீஸ் கார்? சாதாரண ஆள் காரை ஞாயிற்றுக்கிழமை துடைத்து வைத்து ஓட்டுவார். போலீஸ் கார் அப்படி இல்லை. இராப்பகலாக ஆள் மாறி ஆள் ஓட்டுவார்கள். அரை மணி நேரம் நின்ற இடத்தில் உறுமும், அடுத்த நிமிஷம் முழு வேகத்தில் பறக்கும். எந்தக் காருடைய வண்டவாளமும் அங்கே தண்டவாளம் ஏறிவிடும்.

பேட்ஜில் விளக்கு, உள்ளே 72

முதலில் அந்த முடிவெட்டும் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். மூடின கூரை, நாலு கதவு, பின்னால் தனி டிக்கி உள்ள குடும்பக் காரைத்தான் பிரிட்டிஷ்காரர்கள் சலூன் என்பார்கள். அமெரிக்காக்காரன் சொன்னால் செடான். ஆனால் நண்பனின் நையாண்டியிலும் ஒரு உண்மை இருக்கிறது. படத்தில் வந்த கார் வூல்ஸ்லி. அந்தக் கம்பெனி காரில் ஆரம்பிக்கவில்லை. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் மெஷின் செய்வதில்தான் ஆரம்பித்தது! பிற்பாடு ஆஸ்டின் கம்பெனியை ஏற்படுத்திய ஹெர்பர்ட் ஆஸ்டின், 1890-களில் அந்த ரோமக் கம்பெனியில் இருந்தபோதுதான் அதன் முதல் கார்களைச் செய்தார்.

1930-களிலிருந்து வூல்ஸ்லி கார்களின் கிரில் பேட்ஜுக்குள் விளக்கு எரியும். இரவில் பின்னால் வருவது எந்தக் கார் என்று கண்ணாடியிலேயே தெரிந்துவிடும். லண்டன் மாநகரப் போலீஸ் இந்தக் கார்களை நிறைய வாங்கியது. 1948 முதல் 1954 வரை வந்த வூல்ஸ்லி 6/80 என்றால் அந்தக் காலத்து லண்டன் திருடனுக்கு வயிற்றைக் கலக்கும். ஆறு சிலிண்டர், 2215 சி.சி., கேம் ஷாப்ட் தலைக்கு மேலே. பேரில் 80 இருக்கிறதே, அதனால் 80 குதிரைத்திறன் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இருந்தது 72 தான்.

இந்த 6/80-க்கு ஒரு தீராத நோய் இருந்தது. எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துபோகும். ஏன் எரியும் என்பதை நாம் படித்திருக்கிறோம். வால்வு வாங்கும் சூட்டில் பெரும்பங்கு, அது சீட்டில் உட்காரும்போதுதான் தலைப்பகுதிக்கு இறங்கும். வால்வு இடைவெளி குறைந்து, சீட்டில் முழுசாக உட்காராமல் போனால் சூடு இறங்க வழியில்லை. போதாததற்கு அந்தச் சந்தில் நெருப்பு வாயு சீறும். விளிம்பு கருகிவிடும். மெதுவாகப் போகிற டாக்டர் காரில் இது வெளியே தெரிய நாளாகும். நாள் பூரா விரட்டுகிற போலீஸ் காரில் சீக்கிரமே பல்லிளித்துவிடும்.

அப்படியும் அந்தக் கார் லண்டன் தெருவில் வருஷக்கணக்காக ஓடியது. எப்படி? பேட்ஜ் விளக்கு ஓட்டவில்லை. ஷெட்டில் யாரோ தலையைக் கழற்றி, கார்பன் சுரண்டி, வால்வை லேப் பண்ணி, இடைவெளி பார்த்து, திரும்ப மாட்டி அனுப்பியதால்தான் ஓடியது. அந்த ஆளை எந்தப் படத்திலும் காட்டுவதில்லை. மணியைத்தான் காட்டுகிறார்கள்.

எங்க வீட்டில் புத்தகப் பையோடு கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா லாரி ஷெட்டில் வேலை செய்கிறவர். எழுத்து தெரியாது. ஆனால் லாரி சத்தத்தைக் கேட்டே, "மூணாவது சிலிண்டர் இடிக்குதுடா" என்று சொல்லிவிடுவார். அதனால்தான் இதைச் சொல்கிறேன். ஷெட்டில் இருப்பவன் காருக்கு வேலைக்காரன் இல்லை, வைத்தியன். நோயின் சரித்திரம் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான்.

திருடனுக்கும் அதே கார்!

1959-ம் வருஷம் இரண்டு சம்பவங்கள். ஜாகுவார் மார்க் 2 கார் வெளிவந்தது. நவம்பர் 2-ந்தேதி எம்-1 நெடுஞ்சாலையும் திறக்கப்பட்டது. திறந்தபோது அந்தச் சாலையில் வேகக் கட்டுப்பாடே கிடையாது! 70 மைல் உச்சவரம்பு பரீட்சார்த்தமாக வந்தது 1965 டிசம்பரில்தான். நேராக ஒரு ரோடு, கேட்பார் இல்லாத வேகம். போலீஸுக்கு வேகமான கார் தேவைப்பட்டது.

மார்க் 2-வில் 3.8 லிட்டர் மாடலுக்கு 220 குதிரைத்திறன், மணிக்கு 125 மைல் வேகம். அதைவிட எனக்குப் பிடித்தது, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். அந்தக் காலத்துச் சலூன் கார்களில் பாதிக்கு மேல் டிரம் பிரேக்தான். டிரம் சூடேறினால் பிடிப்பு போய்விடும் என்பது நம் முதல் வருஷப் பாடம். ஓடத் தெரிந்த காரைவிட நிற்கத் தெரிந்த கார்தான் போலீஸுக்கு உதவும்.

வேடிக்கை என்னவென்றால், இதே ஜாகுவார்தான் வங்கிக் கொள்ளைக்காரர்களுக்கும் செல்லப்பிள்ளை! நாலு பேர் ஏறலாம், மூட்டை வைக்க டிக்கி உண்டு, பறந்துவிடலாம். முன்னாலும் ஜாகுவார், பின்னாலும் ஜாகுவார். அப்புறம் எதை வைத்துப் பிடிப்பது?

டிரைவரை வைத்துத்தான்! 1930-களிலேயே லண்டன் போலீஸ் இதைப் புரிந்துகொண்டது. ட்ரென்சார்டு பிரபு கமிஷனராக இருந்த காலத்தில், ஹெண்டன் என்ற இடத்தில் போலீஸ் பயிற்சிக்குப் பெரிய ஏற்பாடு நடந்தது. டிரைவிங் பள்ளியும் அங்கே வளர்ந்தது. முன்னாள் ரேஸ் டிரைவரான காட்டன்ஹாம் பிரபு வந்து பாடமுறையைச் சீர்திருத்தினார். ரேஸ்காரர் சொல்லிக் கொடுத்தது கண்மண் தெரியாத வேகம் இல்லை, நிதானம். அந்தப் பாடங்கள் 1955-ல் 'ரோடுகிராப்ட்' என்ற புத்தகமாக வந்தன. திருத்தித் திருத்தி இன்றைக்கும் அதைப் பதிப்பிக்கிறார்கள். எதிரே என்ன என்று கவனி, வண்டியைச் சரியான இடத்தில் வை, வேகத்தைச் சரிசெய், அதற்கேற்ற கியர் போடு, பிறகு ஆக்ஸிலரேட்டர். வரிசை மாறக்கூடாது.

அந்தக் கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போன பிறகும் இந்த வரிசை உயிரோடு இருக்கிறது பாருங்கள்.

பாண்டா வந்தது, நடை போனது

போலீஸ் கார் என்றால் பெரிசாகத்தான் இருக்கவேண்டுமா? 1960-களின் நடுவில் லங்காஷயர் போலீஸ் வேறுமாதிரி யோசித்தது. போர்டு ஆங்லியா என்ற சின்னக் கார், 997 சி.சி. என்ஜின், பின்கண்ணாடி உள்பக்கம் சாய்ந்திருக்கும். அதற்கு வெளிர் நீலமும் வெள்ளையும் பட்டையாக அடித்து, பீட் கான்ஸ்டபிளுக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பெயர் பாண்டா கார். பிற ஊர்களும் பின்பற்றின. லண்டனில் மோரிஸ் மைனர் பாண்டா ஆனது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-ல் வந்த மைனர், பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் கார். ஏழை டீச்சரும் நர்ஸும் ஓட்டிய அதே காரைப் போலீஸும் ஓட்டியது.

கணக்குப் பார்த்தால் லாபம்தான். ஒரு கான்ஸ்டபிள், ஒரு கார், ஒரு ரேடியோ. நாலு பேர் நடந்து பார்க்கும் ஏரியாவை ஒருத்தரே பார்த்துவிடலாம். ஆனால் ஜனங்கள் ஒரு குறை சொன்னார்கள். முன்பெல்லாம் கான்ஸ்டபிள் தெருவில் நடந்துவருவார், கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுவார், எந்த வீட்டுப் பையன் கெட்டுப்போகிறான் என்று அவருக்குத் தெரியும். கார் வந்தபின் அவர் கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டார். பழுதே இல்லாத கார்கூட வேலையைக் கெடுக்கும் என்பதற்கு இது உதாரணம். காரில் குற்றமில்லை. கார் எதற்கு, எதற்கு இல்லை என்று யோசிக்காததுதான் குற்றம். நாம் படிக்கிற சிலபஸில் இந்தக் கேள்வி கிடையாது. இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

ஒரு பம்ப் செய்த வேலை

1968-ல் டிரையம்ப் 2.5 பி.ஐ. வந்தது. பி.ஐ. என்றால் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். கார்புரேட்டரே கிடையாது! ஒரு பிரிட்டிஷ் குடும்பச் சலூனில் இது முதல் தடவை. ஆறு சிலிண்டர், 2498 சி.சி., நல்ல இழுப்பு. போலீஸ் டிராபிக் பிரிவுகளும் வாங்கின.

இன்ஜெக்‌ஷனுக்குப் பெட்ரோலைச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு மேல் அழுத்தத்தில் அனுப்பவேண்டும். அதற்கு எலெக்ட்ரிக் பம்ப் வேண்டும். எதை வைத்தார்கள் தெரியுமா? கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டாரின் வழியில் வந்த ஒரு மோட்டாரை! மழை பெய்யும்போது ஓடவேண்டிய ஜாதி, என்ஜின் ஓடுகிற நேரம் பூரா ஓடவேண்டியதாயிற்று. அது டிக்கிக்குள் காற்றோட்டம் இல்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தது. சூடேறும். செலவாகாத பெட்ரோல் திரும்ப டாங்குக்கு வரும்போது அந்தச் சூட்டையும் கொண்டுவரும். டாங்கில் பெட்ரோல் குறையக் குறைய, இருப்பதும் சூடாகும். சூடான பெட்ரோல் பம்புக்குள் ஆவிக் குமிழி விடும். அழுத்தம் இறங்கும். என்ஜின் விக்கும், இருமும், சமயத்தில் நின்றே போகும்.

சிந்தித்துப் பாருங்கள். வெயில் நாள். முன்னால் திருட்டுக் கார் பறக்கிறது. பின்னால் போலீஸ் கார் விக்கல் எடுக்கிறது!

1975-ல் அந்த மாடலை நிறுத்திவிட்டு, பழையபடி கார்புரேட்டர் வைத்த 2500 எஸ் காரை விற்றார்கள். இன்ஜெக்‌ஷன் என்ற எண்ணம் தப்பா? இல்லவே இல்லை. இன்று நாம் ஓட்டுகிற பைக்கிலேயே இன்ஜெக்‌ஷன் இருக்கிறது. எண்ணம் சரி, பம்ப் சரியில்லை. புதுசு என்பதாலேயே ஒன்று நல்லது ஆகிவிடாது. மின்சார வண்டி வந்தாச்சு என்று மார்தட்டும் நண்பர்களுக்கு இந்தப் பம்பை நினைவுபடுத்துகிறேன். அதிலும் எங்கோ ஒரு வைப்பர் மோட்டார் ஒளிந்திருக்கும். கண்டுபிடிக்கப்போவது நாம்தான்.

27 மைல், 30 நிமிஷம்

இனி எனக்கு மிகவும் பிடித்த கதை. ரோவர் கம்பெனி 1963-ல் பி-6 என்ற சலூனைக் கொண்டுவந்தது. ஐரோப்பாவின் 'இந்த ஆண்டின் கார்' விருதை முதன்முதல் வாங்கிய கார் அதுதான். அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் வேண்டாம் என்று விட்ட அலுமினிய வி-8 என்ஜினின் உரிமையை ரோவர் வாங்கியது. 3528 சி.சி. 1968-ல் அதை பி-6-க்குள் வைத்தார்கள். எடை குறைவு, சக்தி அதிகம். போலீஸுக்கு அல்வா மாதிரி!

1976-ல் அதன் வாரிசாக எஸ்.டி.-1 வந்தது. பின்கதவு மேல்நோக்கித் திறப்பதால் கறாராகப் பார்த்தால் சலூன் இல்லை. ஆனால் அந்த வம்சம்தான், அந்த வி-8 தான். வெள்ளை வண்டி, பக்கவாட்டில் கலர்ப் பட்டை. 'ஜாம் சான்ட்விச்' என்று ஜனங்கள் கேலிப்பெயர் வைத்தார்கள்.

1987 மே மாதம். லண்டனில் குரோம்வெல் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு மாற்றுக் கல்லீரல் வைக்கவேண்டும். கல்லீரல் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் இருக்கிறது. நடுவில் சுமார் 27 மைல், அதில் பாதி பட்டப்பகல் லண்டன் நெரிசல். கல்லீரலுக்கு நேரம் காத்திருக்காது. மாநகரப் போலீஸின் ரோவர் எஸ்.டி.-1 கார்கள் கிளம்பின. வழியில் சந்திப்புக்குச் சந்திப்பு மற்ற போலீசார் டிராபிக்கை நிறுத்திப் பிடித்தார்கள். அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்! காருக்குள் இருந்து எடுத்த படம் இருக்கிறது. பார்த்தால் நம் கால் தானாகவே பிரேக்கைத் தேடும்.

இதையும் "என்னா வண்டிடா!" என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் எஸ்.டி.-1-க்குப் பெயிண்ட் உரியும், கட்டுமானம் சரியில்லை என்று கெட்ட பெயர் நிறைய உண்டு. அதைச் செய்த பிரிட்டிஷ் லேலண்டில் அப்போது வேலைநிறுத்தமும் நிர்வாகக் குளறுபடியும். அப்படிப்பட்ட கார் அன்று 27 மைல் விக்காமல் ஓடியது என்றால், முந்தின நாள் யாரோ அதன் டயரையும் பிரேக் ஆயிலையும் ரேடியேட்டர் ஹோஸையும் ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டிரைவரின் கை, சந்திப்பில் நின்றவரின் கை, ஷெட்டில் ஸ்பானர் பிடித்தவரின் கை. இத்தனையும் சேர்ந்ததுதான் அந்த 30 நிமிஷம்.

அதே உடம்பு, வேறே உயிர்

இந்த எஸ்.டி.-1 நம்ம ஊரிலும் தயாரானது தெரியுமா? சென்னை வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, 1985-ல் அதே உடம்போடு 'ஸ்டாண்டர்டு 2000' என்று கொண்டுவந்தது. லண்டன் போலீஸ் ஓட்டிய அதே அழகு. பானெட்டைத் திறந்தால்? வி-8 இல்லை. 1940-களின் வான்கார்டு கார் வழியில் வந்த, 1991 சி.சி. நாலு சிலிண்டர் என்ஜின்! விலை அதிகம், பெட்ரோல் குடியும் அதிகம். 1988-க்குள் கதை முடிந்தது.

உடம்பைப் பார்த்து வாங்கினவர்கள் ஏமாந்தார்கள். பேட்ஜும் பாடியும் காரின் முகவரி, அவ்வளவுதான். முகவரியை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்த முடியுமா?

பேட்ஜை மாற்றியே பிழைக்கப் பார்த்ததுதான் பிரிட்டிஷ் கம்பெனிகள் செய்த தப்பு என்றும் நான் சொல்வேன். 1952-ல் ஆஸ்டினும் மோரிஸும் ஒன்றாகின. அதன்பிறகு வந்த பெரிய வூல்ஸ்லியும் ஆஸ்டின் வெஸ்ட்மின்ஸ்டரும் அடிப்படையில் ஒரே கார். கிரில் வேறு, உள்ளே மர வேலைப்பாடு வேறு. ஷெட்டில் இருப்பவனை இப்படி ஏமாற்ற முடியுமா? இரண்டின் கேஸ்கெட்டும் அவன் கையில் இருக்கிறதே!

'நம் நாட்டுப் போலீஸ் நம் நாட்டுக் கார்தான் வாங்கவேண்டும்' என்ற எண்ணம் அங்கே பலமாக இருந்தது. ஆனாலும் 1965-லேயே ஹாம்ப்ஷயர் போலீஸ் சுவீடனிலிருந்து வோல்வோ கார் வாங்கிவிட்டது. போகப் போக ஜெர்மன் கார்களும் வந்தன. தேசபக்தி இல்லாமலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இராத்திரி இரண்டு மணிக்கு ரோட்டில் நிற்கிற கான்ஸ்டபிளுக்கு ஸ்டார்ட் ஆகிற கார்தான் வேண்டும். நம் நாட்டுப் பொருளை வாங்கு என்று சொல்வதற்கு முன்னால், வாங்குகிற மாதிரி செய்யவேண்டும். குறை சொன்னவனைத் துரோகி என்றால் குறை போய்விடாது, வாடிக்கைக்காரன்தான் போவான்.

போனார்கள். 1975-ல் வூல்ஸ்லி பெயர் மறைந்தது. 1984-ல் மோரிஸும் டிரையம்ப்பும் மறைந்தன. 2005-ல் எம்.ஜி. ரோவர் கம்பெனி திவாலானது. ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் நடுத்தெருவில் நின்றார்கள். இதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. அவர்களும் நம்மைப்போல லேத்திலும் பெஞ்சிலும் நின்றவர்கள்தான். படம் வரைந்தவர்களிடமும் கட்டில் போட்டவர்களிடமும் திறமைக்குப் பஞ்சமில்லை. குறையைக் காது கொடுத்துக் கேட்டு, அடுத்த வண்டியில் திருத்துகிற பழக்கத்துக்குத்தான் பஞ்சம்.

2008-ல் டாடா மோட்டார்ஸ் ஜாகுவாரை வாங்கியது. ரோவர் என்ற பெயரும் கூடவே வந்துசேர்ந்தது. நமக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. பேட்ஜ் நம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தப் பேட்ஜுகள் கற்றுக்கொடுத்த பாடமும் வந்ததா என்பதுதான் என் கேள்வி.

நாம் என்ன செய்யலாம்?

எதிர்க்கட்சிக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை.

"பழசுதான் ஸ்ட்ராங்கு, தகரம் எவ்வளவு கெட்டி தெரியுமா?" என்பவர்களுக்கு: அந்த 6/80-ல் சீட் பெல்ட் கிடையாது, நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். முன்சீட்டில் பெல்ட் போடுவது பிரிட்டனில் கட்டாயமானதே 1983-ல்தான். கெட்டித் தகரம் காரைக் காப்பாற்றும், உள்ளே இருப்பவன் நெஞ்சைக் காப்பாற்றாது. கம்பீரத்துக்காக உயிரை அடகு வைக்கவேண்டாம்.

"பழசு எல்லாம் வேஸ்ட்டு" என்பவர்களுக்கு: எரிந்த வால்வு, சூடேறின பம்ப், மாற்றி வைத்த என்ஜின், கண்ணாடிக்குப் பின்னால் போன கான்ஸ்டபிள்... இந்தப் பாடங்களை எந்தப் புது வண்டியின் கேட்டலாக்கிலும் போடமாட்டார்கள். கேட்டலாக் வெற்றியைத்தான் எழுதும். தோல்வியைப் பழைய வண்டிதான் சொல்லும்.

ஆகவே மாணவர் சங்கத்துக்கும் துறை ஆசிரியர்களுக்கும் என் தாழ்மையான வேண்டுகோள். அந்த அம்பாசடர் என்ஜினை இரும்புக்குப் போடவேண்டாம். அதற்காகப் பெயிண்ட் அடித்து, ஆயுத பூஜைக்கு மாலை போட்டு நிறுத்தவும் வேண்டாம். அதன் பக்கத்தில் ஒரு ரெஜிஸ்டர் வையுங்கள். சாதாரண நோட்டு போதும். நம் சீனியர்கள் ஷெட்டுகளிலும் சர்வீஸ் சென்டர்களிலும் பஸ் டிப்போக்களிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போதெல்லாம், எந்த வண்டியில், எந்தப் பாகம், எத்தனை கிலோமீட்டரில், ஏன் போனது என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகட்டும். பெட்ரோல் வண்டி, டீசல் வண்டி, மின்சார வண்டி, எதுவானாலும் சரி. மூன்று வருஷத்தில் அந்த நோட்டு எந்த டெக்ஸ்ட் புக்குக்கும் குறையாது.

"டிப்ளமோ படிச்சா பிட்டர்தானே" என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது சுருக்கென்று இருக்கும். எனக்கும் இருந்தது. இப்போது இல்லை. அந்தக் கல்லீரல் போய்ச் சேர்ந்த நாளில், காரைக் கடைசியாகத் தொட்டுப் பார்த்து "போகலாம்" என்று சொன்ன ஷெட்காரர் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் சொன்னதை நம்பித்தான் டிரைவர் மிதித்தார். அந்த மாதிரி நம்பிக்கைக்கு உரிய ஆளாக நான் இருந்தால் எனக்குப் போதும்.

அப்பாவிடம் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். "ரெஜிஸ்டர் வெச்சா மொத வரிய நான் சொல்றேன், நீ எழுது" என்றார்.

நோட்டு நான் வாங்கித் தருகிறேன். என்ஜினை மட்டும் விட்டு வையுங்கள்!

— இரண்டாம் ஆண்டு மாணவன்,
ஆட்டோமொபைல் பிரிவு